ஆய்வுக்கூடத்திலிருந்து தமிழ் விக்கிப்பீடியாவுக்கு: ஒரு வேதிச் சேர்மத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும் முறை

ஆய்விதழுக்கு எழுதிப் பழகிய கை, கலைக்களஞ்சியத்துக்கு வந்ததும் செய்யும் முதல் தவறு தனக்குத் தெரிந்ததை எழுதுவது. ஆய்விதழில் அதற்குத்தான் மதிப்பு. விக்கிப்பீடியாவில் அதை நீக்கிவிடுவார்கள். அங்கே ஒரு கூற்று நிற்க வேண்டுமானால் நம்பத்தக்க ஓரிடத்தில் அது ஏற்கெனவே அச்சாகியிருக்க வேண்டும். வாசகர் அங்கே போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். நீங்கள் மூன்று முறை படிகமாக்கி எடுத்த உருகுநிலை, கையேட்டில் இருப்பதைவிடத் துல்லியமாகவே இருக்கலாம். வெளியிடாதவரை கட்டுரைக்குள் அதற்கு இடமில்லை. இதை மனத்தளவில் ஏற்றுக்கொண்ட வேதியியலாளருக்கு மீதியெல்லாம் கைப்பழக்கம்.

இங்கே எடுத்துக்காட்டாக வருவது குர்க்குமின், மஞ்சளுக்கு மஞ்சள் நிறம் தரும் சேர்மம். தமிழ் வாசகர் எல்லாருடைய சமையலறையிலும் இருக்கிறது. வேதியியலாளர் தடுக்கி விழக்கூடிய பள்ளங்களும் ஏறக்குறைய எல்லாமே அதில் இருக்கின்றன: இரண்டு வடிவங்களில் இருக்கும் மூலக்கூறு, தூய்மைக் குழப்பம், ஊதிப் பெருக்கிய மருத்துவக் கூற்றுகள், திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள்.

தொடங்கும் முன்

கட்டுரை ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்த் தேடலை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்துக்கூட்டல் ஓரெழுத்து மாறினாலும் அகப்படாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்தச் சேர்மத்தின் பக்கத்தைத் திறந்து, பிற மொழிகளின் பட்டியலில் 'தமிழ்' இருக்கிறதா என்று பார்ப்பதே விரைவான வழி. இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதையே விரிவாக்குங்கள். நான்கு வரிக் குறுங்கட்டுரையை ஒழுங்கான கட்டுரையாக்குவதற்கு வேண்டிய உழைப்பும் புதிதாக எழுதும் உழைப்பும் ஒன்றுதான். பழைய கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருப்பவர்களின் பார்வையும் கூடவே கிடைக்கும்.

பயனர் கணக்கு ஒரு தனி மனிதருடையதாக இருக்க வேண்டும். துறையின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ கணக்குத் தொடங்கி மாணவர்கள் பகிர்ந்துகொள்வது விதிக்கு மாறானது. அத்தகைய கணக்கு முடக்கப்படலாம். நிறுவனம் சம்பளம் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தால் அதைப் பயனர் பக்கத்தில் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

எழுதுவதற்கு உங்கள் மணல்தொட்டியை, அதாவது உங்கள் கணக்கின் பயிற்சிப் பக்கத்தை, பயன்படுத்துங்கள். வேர்டில் முழுக்க எழுதி ஒட்டும் பழக்கம் மூன்று இடங்களில் கெடுக்கும். மேற்கோள் மேலாண்மை மென்பொருள் போட்ட எண்கள் வெறும் எண்களாக, எந்த நூலையும் சுட்டாமல் வந்து விழும். வாய்ப்பாட்டின் கீழ்க்குறிகள் சிறப்பு எழுத்துருக்களாக வந்து சில கைபேசிகளில் வெறும் கட்டமாகத் தெரியும். வளைந்த மேற்கோள் குறிகள் விக்கி நிரலை உடைக்கும். சொட்டீரோ என்ற மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் நூல்களைச் சேமிக்கும் பழக்கமிருந்தால், அது விக்கிப்பீடியா மேற்கோள் வார்ப்புரு வடிவிலேயே ஏற்றுமதி செய்யும். அதை நேரடியாக ஒட்டலாம்.

தலைப்பும் கலைச்சொல்லும்

தமிழில் எழுதும் வேதியியலாளருக்கு மெய்யான வேலை இங்கேதான் இருக்கிறது. ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் ஆய்வு செய்து வந்தவர் தமிழ்ச் சொல்லைத் தேடும்போது ஒன்றுக்கு இரண்டாகக் கிடைக்கும். இரண்டுமே சரியாக இருக்கும். தமிழ்நாட்டுப் பாடநூலும் இலங்கைப் பாடநூலும் தனித்தனியே வளர்த்த இரண்டு கலைச்சொல் மரபுகள் அவை. யாழ்ப்பாணத்துத் தொடர்ச்சி மிகப் பழையது. மானிப்பாயில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியில் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் 1875இலேயே தமிழில் வந்துவிட்டது.

தமிழ்நாட்டு மாணவர் 'தனிமம்' என்பதை இலங்கை மாணவர் 'மூலகம்' என்பார். 'சேர்மம்' அங்கே 'சேர்வை'. 'நிறை' அங்கே 'திணிவு'. 'இணைதிறன்' அங்கே 'வலுவளவு'. 'மாற்றியம்' அங்கே 'சமபகுதியம்'. 'வினையூக்கி' அங்கே 'ஊக்கி'. கார்பன் காபனாகும், ஆக்சிஜன் ஒட்சிசனாகும், நைட்ரஜன் நைதரசனாகும். இவை வாசகரைத் தயங்க வைக்குமே தவிரத் தவறாகப் புரியவைக்காது. புரியாததைவிட ஆபத்தானவை, இரு பக்கமும் இருந்து பொருள் மட்டும் மாறும் சொற்கள். 'ஒடுக்கம்' என்றால் தமிழ்நாட்டில் எலக்ட்ரான் ஏற்பது. இலங்கையில் அதற்குச் சொல் 'தாழ்த்தல்'. இரண்டு மூலக்கூறுகள் சிறு மூலக்கூறொன்றை வெளியேற்றி இணைவதை இலங்கை நூல்கள் 'ஒடுக்கம்' என்கின்றன. தமிழ்நாட்டில் அது 'குறுக்கம்'. 'மூலம்' இலங்கையில் அமிலத்துக்கு எதிரானது. தமிழ்நாட்டு வாசகர் அதைப் பிறப்பிடம் என்று படிப்பார். அவருக்கு வேண்டிய சொல் 'காரம்'. "வலிமையான மூலம் ஒன்றுடன் வினைப்படுகிறது" என்ற வரியை மதுரையில் படிப்பவர் எழுத்துப் பிழை என்று நினைப்பார்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. உங்களுக்குப் பழகிய மரபில் கட்டுரை முழுவதையும் சீராக எழுதுங்கள். ஒரு பத்தியில் ஆக்சிஜனும் மறு பத்தியில் ஒட்சிசனும் வேண்டாம். மேலே சொன்ன பொருள் மாறும் சொற்கள் முதன்முறை வரும் இடத்தில் மட்டும் மற்ற மரபின் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஆல்டால் குறுக்க வினை, இலங்கை வழக்கில் ஒடுக்கம்". வேறொருவர் இலங்கை வழக்கில் தொடங்கிய கட்டுரையைத் தமிழ்நாட்டு வழக்குக்கு மாற்றுவது தொண்டு ஆகாது. அது தேவையற்ற சண்டையைத்தான் இழுக்கும். மறுபக்கமும் அப்படியே.

தலைப்பாக ஒரு வடிவத்தைத்தான் வைக்க முடியும். மற்ற எல்லா வடிவங்களுக்கும் வழிமாற்று, அதாவது தேடுபவரைக் கட்டுரைக்கு அனுப்பிவைக்கும் பக்கம், உருவாக்குங்கள். ஒரு வழிமாற்றுக்கு அரை நிமிடம் போதும். கட்டுரையைத் தேடி வருபவர் அகப்படாமல் திரும்பிப் போவதைத் தடுப்பது அதுதான். குர்க்குமினுக்குக் குறைந்தது கர்க்குமின், குர்குமின் இரண்டும் வேண்டும். கிரந்த எழுத்து வரும் பெயரென்றால் கிரந்தத்துடன் ஒன்று, இல்லாமல் ஒன்று. தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்தம் தவிர்த்த வடிவங்களுக்குச் சாய்வு உண்டு. ஐதரசன் என்பதை அங்கே அடிக்கடி காண்பீர்கள். அதை எதிர்த்தோ ஆதரித்தோ உங்கள் முதல் கட்டுரையில் வாதாட வேண்டாம். அதற்கான இடம் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கம்.

சொல் கிடைக்காதபோது நீங்களே புதுச்சொல் படைத்துக் கட்டுரையில் போடாதீர்கள். அதுவும் வெளியிடப்படாத ஆய்வைப் போன்றதே. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள், இலங்கை உயர்தரப் பாடநூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் கலைச்சொல் தொகுதி, தமிழ் விக்சனரி ஆகியவற்றில் தேடுங்கள். எதிலும் இல்லையென்றால் ஒலிபெயர்த்து எழுதி, உடனே ஒரு வரியில் அது என்னவென்று விளக்குங்கள். விளக்கம் இருந்தால் சொல் அயலாக இருந்தாலும் வாசகர் தாங்கிக்கொள்வார்.

முதல் பத்தி

ஆய்வேட்டின் அறிமுகம் தொடங்குவதுபோலத் தொடங்குவதுதான் வழக்கமான சறுக்கல்: "அண்மைக் காலத்தில் குர்க்குமின் ஆய்வாளர்களின் பெரும் கவனத்தை ஈர்த்துள்ளது." இந்த வரியிலிருந்து வாசகருக்கு எதுவும் கிடைக்கவில்லை. முதல் வாக்கியம் பொருள் எது, எங்கே கிடைக்கிறது என்று சொல்ல வேண்டும், இரண்டாவது அதன் மூலக்கூறில் என்ன இருக்கிறது என்று, மூன்றாவது எதற்குப் பயன்படுகிறது என்று. இப்படி:

"குர்க்குமின் என்பது மஞ்சள் செடியின் கிழங்கிலுள்ள, பளிச்சென்ற மஞ்சள் நிறம் கொண்ட கரிமச் சேர்மம். இதன் மூலக்கூறில் 21 கார்பன், 20 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. ஈ100 என்ற எண்ணில் உணவு நிறமூட்டியாகப் பயன்படுகிறது."

பள்ளி மாணவர் இதோடு நிறுத்தினாலும் அவருக்கு ஏதோ கிடைத்திருக்கும். வினைவழிமுறை, நிறமாலை, படிக அமைப்பு எல்லாம் பின்னால் வரலாம்.

கட்டுரையின் எல்லையும் இந்தக் கட்டத்திலேயே தெளிவாக வேண்டும். குர்க்குமின் வேறு, மஞ்சள் வேறு. மஞ்சள்தூளைக் காயத்துக்குப் பயன்படுத்துவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து வாதாடியதால் 1997இல் நீக்கப்பட்டது. அருமையான செய்தி, ஆனால் அது மஞ்சள் கட்டுரைக்குரியது. ஈரோட்டு மஞ்சள் சந்தையும் அப்படியே. சேர்மக் கட்டுரையில் அங்கே போக ஓர் உள்ளிணைப்பு போதும்.

தகவற்பெட்டியின் எண்கள்

வலப்பக்கத்தில் வரும் வேதிப் பெட்டியை நன்றாக எழுதப்பட்ட வேறொரு சேர்மக் கட்டுரையிலிருந்து நகலெடுத்து, மதிப்புகளை மட்டும் மாற்றுவது எளிது. சமக்குறிக்கு இடப்பக்கத்தில் ஆங்கிலத்தில் இருக்கும் அளபுருப் பெயர்களைத் தமிழாக்காதீர்கள். தமிழாக்கினால் எச்சரிக்கை எதுவும் வராமல் அந்த வரி மட்டும் காணாமல் போகும். காரணம் தேடி ஒரு மணி நேரம் வீணாகும். செல்சியஸ் மதிப்புக்கென்றே உள்ள இடத்தில் எண்ணை மட்டும் இடுங்கள். "சுமார் 183 பாகை" என்று எழுதினால் பாரன்கைட், கெல்வின் மாற்றக் கணக்கு உடைந்து சிவப்புப் பிழைச்செய்தி வரும்.

சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு சேர்மத்துக்கும் தரப்படும் பதிவெண்ணை, நகலெடுத்ததும் சரிபார்த்துவிடுங்கள். அதன் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். குர்க்குமினின் எண் 458-37-7. கடைசி 7ஐ விட்டுவிட்டு, மீதியை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும்: ஏழை ஒன்றால், மூன்றை இரண்டால், எட்டை மூன்றால், ஐந்தை நான்கால், நான்கை ஐந்தால். 7, 6, 24, 20, 20, கூட்டினால் 77. அதன் கடைசி இலக்கம் 7, பொருந்துகிறது. தட்டச்சில் ஓரிலக்கம் மாறியிருந்தால் இந்தக் கணக்கில் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எண் சரி, ஆனால் அது வேறு சேர்மத்தின் எண் என்ற தவறை இது பிடிக்காது. உப்பு, நீரேறிய வடிவம், வேறு மாற்றியம் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

மோலார் நிறையில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று. குர்க்குமினின் மோலார் நிறை மோலுக்கு 368.385 கிராம். வரைதல் மென்பொருளில் அதற்குப் பக்கத்திலேயே 368.126 என்றும் ஓர் எண் இருக்கும். அது ஒவ்வொரு தனிமத்தின் மிகுதியான ஐசோடோப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டது, நிறை நிறமாலைக்குப் பயன்படுவது. அதை மோலார் நிறை என்று போட்டுவிட்டால், கரைசல் தயாரிக்கும் மாணவருக்கு வேறுபாடு சிறியதுதான். குளோரின், புரோமின் உள்ள சேர்மங்களில் அது பெரிதாகிவிடும்.

உருகுநிலை இன்னொரு வகைச் சிக்கல். கையேடுகளில் குர்க்குமினுக்கு 183 °செ. என்று இருக்கும். வணிகப் பட்டியல்களில் அதற்குக் கீழேயும், பரந்த இடைவெளியாகவும் காண்பீர்கள். கடைப்புட்டியில் 'குர்க்குமின்' என்று விற்பது பெரும்பாலும் மூன்று சேர்மங்களின் கலவை: குர்க்குமின், ஒரு மெத்தாக்சி தொகுதி குறைந்த டெமெத்தாக்சிகுர்க்குமின், இரண்டும் குறைந்த பிஸ்டெமெத்தாக்சிகுர்க்குமின். கலவையின் உருகுநிலை தாழ்வதை முதலாண்டு மாணவரும் அறிவார். ஆகவே விற்பனையாளரின் பாதுகாப்புத் தாளை மேற்கோளாக வைக்காமல் சி.ஆர்.சி. கையேடு, மெர்க் இன்டெக்ஸ் போன்ற தொகுப்புகளை நாடுங்கள். இரண்டு நல்ல சான்றுகள் வேறுபட்டால் ஒன்றைத் தேர்ந்து மற்றதை மறைக்க வேண்டாம். இரண்டையும் கொடுத்து, காரணத்தை எவராவது எழுதியிருந்தால் அதையும் கொடுங்கள்.

நிபந்தனை இல்லாத எண் எண்ணே அல்ல. கரைதிறனுக்கு வெப்பநிலை, ஒளி உறிஞ்சலுக்குக் கரைப்பான், சிதைவுக்குப் பி.எச். கூடவே வர வேண்டும். "குர்க்குமின் விரைவில் சிதைகிறது" என்பது பாதி உண்மை. 37 °செ.இல், பி.எச். 7.2 பாஸ்பேட் தாங்கற்கரைசலில் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் சிதைந்தது என்று 1997இல் வெளியான அளவீடு சொல்கிறது. அமில ஊடகத்தில் அது பல மடங்கு நிலையானது. ஊடகத்தைச் சொல்லாமல் விட்டால் வாசகர் ரசத்தில் போட்ட மஞ்சளுக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பார்.

கட்டமைப்புப் படம்

படத்தை எஸ்.வி.ஜி. வடிவில் செய்யுங்கள். திரைப்பிடிப்பாக எடுத்த ஜேபெக் படம் பெரிதாக்கியதும் மங்கும். பின்னால் திருத்த வருபவரால் ஒரு பிணைப்பைக்கூட மாற்ற முடியாது. உலாவியிலேயே இயங்கும் கெட்சர் என்ற வரைதல் மென்பொருள் போதும்; கட்டணமில்லை. கெம்டிரா இருந்தால் அமெரிக்க வேதியியல் கழகத்தின் ஆய்விதழ் அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். அமைப்பைக் கையால் இடுவதானால்: பிணைப்பின் நீளம் 0.508 செ.மீ., கோட்டின் தடிமன் 0.6 புள்ளி, இரட்டைப் பிணைப்பின் இடைவெளி நீளத்தில் 18 சதவீதம், சங்கிலிக் கோணம் 120 பாகை, எழுத்து ஏரியல் 10 புள்ளி. எல்லாக் கட்டுரைகளிலும் ஒரே அளவு இருந்தால்தான் அடுத்தடுத்து வரும் மூலக்கூறுகளை வாசகர் ஒப்பிட முடியும்.

வரைந்த கோப்பை இங்க்ஸ்கேப்பில் திறந்து இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். எழுத்துகளைப் பாதைகளாக மாற்றுங்கள். மாற்றாவிட்டால் விக்கி வழங்கியில் ஏரியல் இல்லாததால் வேறு எழுத்துரு வந்து, அணுக்குறி பிணைப்புக் கோட்டின் மேல் ஏறிவிடும். பிறகு பக்கத்தைப் படத்தின் அளவுக்குச் சுருக்குங்கள். இல்லையென்றால் முழு ஏ4 தாளின் மூலையில் ஒரு சின்ன மூலக்கூறு தெரியும். பின்னணியை வெள்ளையாக நிரப்பாமல் வெறுமையாகவே விடுங்கள்.

குர்க்குமினில் எந்த வடிவத்தை வரைவது? ஏழு கார்பன் சங்கிலியின் நடுவே இரு கீட்டோன் தொகுதிகள் உள்ள வடிவம் ஒன்று. அவற்றில் ஒன்று ஈனாலாகி, உள் ஹைட்ரஜன் பிணைப்பால் வளையம்போல் மூடிக்கொண்ட வடிவம் மற்றொன்று. படிகத்திலும் பெரும்பாலான கரிமக் கரைப்பான்களிலும் ஈனால் வடிவமே மேலோங்குகிறது. பெயரிடும் முறையோ இருகீட்டோன் வடிவத்தை ஒட்டியே வழங்குகிறது. பெட்டியில் இரண்டையும் கொடுத்து, எது எது என்று கீழே எழுதுவதே நேர்மையானது. ஒன்றை மட்டும் போட்டால், ஆறு மாதத்துக்குள் யாராவது 'திருத்தி' மற்றதைப் போடுவார். இன்னொருவர் திரும்ப மாற்றுவார்.

படம் சரிதானா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரைந்ததிலிருந்தே இன்சி திறவுகோலை, அதாவது கட்டமைப்பிலிருந்து கணக்கிடப்படும் அடையாளக் குறியை, மென்பொருளில் உருவாக்கி, பப்கெம் தரவுத்தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். திறவுகோல் 14 எழுத்து, 10 எழுத்து, ஓர் எழுத்து என மூன்று துண்டாக, இடைக்கோடுகளோடு 27 குறிகள் கொண்டது. முதல் துண்டு ஒத்து இரண்டாவது வேறுபட்டால், அணுக்களின் இணைப்பு சரி. இரட்டைப் பிணைப்பின் திசையிலோ கைரல் மையத்திலோ தவறு இருக்கலாம். முதல் துண்டே வேறுபட்டால் பிணைப்பையே தவறாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பொதுவாகக் கொள்ளலாம். கீட்டோ–ஈனால் மாற்றம் இதற்கு விலக்கு: நிலையான இன்சி முறை அவ்விரண்டையும் ஒன்றாகக் கருதாது, ஒரே குர்க்குமினுக்கு இரு திறவுகோல்கள் வரும். பெட்டியில் எந்த வடிவத்தின் படமோ அதே வடிவத்தின் திறவுகோலைத்தான் இட வேண்டும்.

நீங்களே வரைந்த எளிய கட்டமைப்பு வாய்ப்பாட்டுக்குக் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை. விக்கிமீடியா பொதுவகத்தில் தாராளமாக ஏற்றலாம். உங்கள் ஆய்விதழ்க் கட்டுரையில் வந்த வண்ணப்படத்தை ஏற்றுவது வேறு கதை. பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், வரைந்தது நீங்களே என்றாலும் ஏற்ற முடியாது. திறந்த அணுக்க இதழானாலும் உரிமத்தைப் படித்துப் பாருங்கள்: வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களைப் பொதுவகம் ஏற்காது.

தொகுப்பு முறையை எழுதுதல்

கலைக்களஞ்சியம் செய்முறைக் குறிப்பேடு அல்ல. எத்தனை மில்லிலிட்டர், எத்தனை நிமிடம், எந்த வடிதாள் என்பதெல்லாம் வேண்டாம். வேதியியலாளரால் மட்டும் தரக்கூடியது ஒன்று உண்டு: ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்பது. ஒப்பிட்டுப் பாருங்கள்.

"அசெட்டைல்அசெட்டோன், போரிக் ஆக்சைடு, வனிலின், பியூட்டைலமீன் ஆகியவற்றைச் சேர்த்துக் கலக்கிக் குர்க்குமின் பெறப்படுகிறது." பட்டியல் இருக்கிறது, வேதியியல் இல்லை.

"அசெட்டைல்அசெட்டோனுடன் வனிலினை நேரடியாக வினைப்படுத்தினால், இரு கார்பனைல்களுக்கும் நடுவிலுள்ள, அமிலத்தன்மை மிகுந்த கார்பனிலேயே குறுக்கம் நடந்துவிடும். முதலில் போரானோடு அணைவுச் சேர்மமாக்கினால் அந்த நடுக்கார்பன் செயலிழக்கிறது. இரு முனைகளிலுமுள்ள மெத்தில் தொகுதிகள் வனிலினோடு வினைபுரிகின்றன. பின்னர் அமிலத்தால் போரானை நீக்குகிறார்கள். பேபன் 1964இல் வெளியிட்ட முறை இந்த அடிப்படையில் அமைந்தது." மாணவர் இதைப் படித்துவிட்டு வேறொரு இருகீட்டோனுக்கும் இதே தந்திரத்தை யோசிப்பார்.

கண்டுபிடிப்பு வரலாற்றில் ஒரு வரி எச்சரிக்கை. குர்க்குமின் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது என்று வோகல், பெல்லட்டியே பெயர்களோடு ஆயிரம் கட்டுரைகள் சொல்லும். அவர்கள் பெற்றது தூய சேர்மம் அல்ல, நிறப்பொருள். படிக வடிவில் கிடைத்தது 1870இல், கட்டமைப்பு தெரிந்தது 1910இல். "பிரித்தெடுத்தார்", "தூய்மையாக்கினார்", "கட்டமைப்பைக் கண்டறிந்தார்", "தொகுத்தார்" நான்கும் வேறு வேறு செயல்கள். "கண்டுபிடித்தார்" என்ற ஒரே சொல்லில் நான்கையும் போட்டு மூடிவிடாதீர்கள்.

ஊரறிந்த உண்மைக்கும் சான்று வேண்டும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தட்டின் நீர் சிவக்கிறது. மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்பு பட்டதும் செம்மை ஏறுகிறது. காரத்தில் குர்க்குமினின் ஹைட்ராக்சி தொகுதிகள் புரோட்டானை இழப்பதுதான் காரணம். இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தமிழ் வாசகருக்குக் கிடைக்காது, கட்டாயம் சேருங்கள். ஆனால் குர்க்குமினைச் சுட்டிக்காட்டியாக விவரிக்கும் ஒரு பகுப்பாய்வு வேதியியல் நூலை அருகில் வையுங்கள்.

மருத்துவக் கூற்றுகள்

இந்தப் பகுதியில் விதிகள் மிகக் கடுமையானவை. அப்படித்தான் இருக்க வேண்டும். கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் மருந்தை நிறுத்தக்கூடும். செல்வளர்ப்பிலோ எலியிலோ கிடைத்த முடிவை மனிதருக்குப் பயன் என்று எழுதக் கூடாது. தனி ஆய்வுக் கட்டுரை போதாது. மீள்பார்வைக் கட்டுரையோ மருத்துவ அமைப்பின் வழிகாட்டுதலோ வேண்டும். குர்க்குமினில் இது ஏன் என்பது பளிச்சென்று தெரியும். புற்றுநோய்ச் செல்களை அழித்தது என்று சொல்லும் தனிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. மருந்து வேதியியல் ஆய்விதழில் 2017இல் வந்த மீள்பார்வையோ, 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளுக்குப் பிறகும் இருபக்க மறைப்பும் (யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரியாமை) போலிமருந்து ஒப்பீடும் உள்ள ஒரு சோதனையேனும் வெற்றி பெறவில்லை என்றது. காரணத்தையும் சொன்னது: மூலக்கூறு நிலையற்றது, எதனோடும் வினைபுரிவது, இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பல உயிரியல் சோதனைகளில் அது பொய்யான நேர்முடிவு தருகிறது. தானே ஒளிர்வதும் புரதங்களோடு ஒட்டுவதும் அளவீட்டைக் குழப்புகின்றன.

மேற்கோள் வைக்கும் முன் ஒவ்வொரு கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டதா என்று இதழின் பக்கத்திலேயே பாருங்கள். குர்க்குமினின் மருத்துவப் பயனைப் பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட சில கட்டுரைகளே பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன. உங்கள் கணினியில் பழைய பி.டி.எஃப். இருந்தால் அதில் அந்த அறிவிப்பு இருக்காது.

உங்கள் சொந்த ஆய்வு

வெளியான உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டத் தடை இல்லை. ஆனால் பத்து மேற்கோளில் ஆறு உங்களுடையது என்றால் அது விளம்பரமாகவே பார்க்கப்படும், நியாயமும் அதுதான். நீங்களே சேர்ப்பதைவிட உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதுவது நல்லது: "இந்தப் பகுதிக்குப் பின்வரும் கட்டுரை பொருந்தும் என்று நினைக்கிறேன். இதன் ஆசிரியர்களில் நானும் ஒருவன். பொருத்தமென்றால் வேறொருவர் சேர்க்கலாம்." கூடவே கட்டுரையின் நிலையான இணைய அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணைக் கொடுங்கள். உங்களைப் பற்றியும் உங்கள் வழிகாட்டியைப் பற்றியும் உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பற்றியும் நீங்கள் கட்டுரை தொடங்கக் கூடாது.

ஆய்வேட்டிலிருந்து பத்திகளை அப்படியே ஒட்டுவதும் வேண்டாம். எழுதியவர் நீங்கள்தான் என்பது மற்றவருக்குத் தெரிய வழியில்லை. பதிப்புரிமை மீறல் என்று நீக்குவார்கள். அதைவிட, ஆய்வேட்டு நடை இங்கே பொருந்தாது. ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்து மொழிபெயர்த்தால் எந்தக் கட்டுரையிலிருந்து என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் குறிப்பில்) எழுத வேண்டும். உரிமம் அதைக் கேட்கிறது. இயந்திர மொழிபெயர்ப்பை வரிக்கு வரி சரிபார்க்காமல் வெளியிட்டால் அணைவு அமைப்புகளும் மாற்றியங்களும் விநோதமான சொற்களாகிவிடும். அதைப் பின்னால் சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

வெளியிட்ட பிறகு

பகுப்புகளைச் சேருங்கள், விக்கித்தரவில் பிறமொழிக் கட்டுரைகளோடு இணையுங்கள். இணைக்கும்போது மஞ்சள் செடியின் உருப்படியோடு இணைத்துவிடாமல் சேர்மத்தின் உருப்படிதானா என்று சி.ஏ.எஸ். எண்ணை வைத்து உறுதி செய்யுங்கள். மஞ்சள், ஈனால், வனிலின் கட்டுரைகளிலிருந்து இங்கே உள்ளிணைப்பு கொடுங்கள். எங்கிருந்தும் இணைப்பில்லாத கட்டுரையை யாரும் வந்தடைய மாட்டார்கள்.

யாராவது உங்கள் வரியை நீக்கினால், முனைவர் பட்டத்தைச் சொல்வதால் பயனில்லை. மறுமுனையில் இருப்பவர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவராக இருக்கலாம். கையில் சான்று இருந்தால் அவர் பக்கம்தான் நியாயம். நீக்கியதை உடனே திரும்பப் போடாமல் உரையாடல் பக்கத்தில் பக்க எண்ணோடு சான்றைக் கொடுங்கள். தீராவிட்டால் ஒத்தாசைப் பக்கத்தில் கேளுங்கள்.

கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் வையுங்கள். பெரிய நாசவேலை உடனே பிடிபட்டுவிடும். பிடிபடாதது எண்ணில் செய்யும் சிறு மாற்றம்: 183 என்பது 138 ஆவது, ஒரு புள்ளி இடம் மாறுவது. தொகுப்புச் சுருக்கம் இல்லாமல், பெயரில்லாப் பயனரால் தகவற்பெட்டியில் ஓரிலக்கம் மாறியிருந்தால் அன்றே சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த எண் பப்கெம் பக்கத்தில் உள்ளதா, கையேட்டில் உள்ளதா என்று தெரிந்தவர் அந்தக் கட்டுரையில் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம்.